விண்டோஸ், மேக், லினக்ஸ்: எங்கள் ஒலிப்பதிவுக்கு எந்த மென்பொருள்?

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில்தான் என் ஒலிப்பதிவு அறை இருக்கிறது. ஓதுவார்கள் பாடும் தேவாரப் பதிகங்கள், அரங்கேற்றத்துக்குத் தயாராகும் மாணவிகளுக்கான வர்ணம், தில்லானா, நாகஸ்வரக் குழுக்களின் மல்லாரி என்று வேலை வந்துகொண்டே இருக்கும். என்னிடம் இருப்பது விண்டோஸ் கணினி. பதிவுகளை ஒன்றாகக் கலந்து மிக்ஸிங் செய்து தரும் அண்ணன் மகன் சென்னையில் மேக் வைத்திருக்கிறான். வீணை வாசித்து அனுப்பும் ஆசிரியை திருவையாற்றில் இருக்கிறார். அவருடைய மகள் மேல்நிலைப் பள்ளியில் படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியைத்தான் அவர் பயன்படுத்துகிறார். அதில் ஓடுவது லினக்ஸ் என்ற இயங்குதளம். ஒரு வர்ணம் முழுமை பெற்று நடன ஆசிரியரின் கைக்குப் போவதற்குள் இந்த மூன்று கணினிகளுக்கும் போய் வந்துவிடும்.

அதனால் எந்த இசை மென்பொருளைப் பார்த்தாலும் எனக்கு முதலில் எழும் கேள்வி இதுதான்: ஒருவர் சேமித்த வேலையை இன்னொருவர் தன் கணினியில் அப்படியே திறக்க முடியுமா? தோற்றம், கூடவே வரும் ஒலித்தொகுப்பு, புதுப்புது வசதிகள் எல்லாம் அதற்குப் பிறகு. அந்தக் கேள்வியில் தேறி எங்கள் மூவரிடமும் நிலைத்துவிட்டது ரீப்பர். ஆனால் எல்லோருக்கும் அதுவே ஏற்றது என்று நான் சொல்ல மாட்டேன். லாஜிக், எஃப்எல் ஸ்டூடியோ, ஏபிள்டன், ஆர்டோர் ஒவ்வொன்றிலும் மனதாரப் பாராட்ட வேண்டிய விஷயங்கள் உண்டு. அவற்றையும் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு தவறான நம்பிக்கையைப் பற்றிப் பேசியாக வேண்டும். "இந்த மென்பொருளில் ஒலி கனமாக இருக்கும், அதில் மெலிந்து கேட்கும்" என்று நல்ல காது உள்ளவர்களே சொல்கிறார்கள். இதை நம்பிப் பெரும் பணம் செலவழித்தவர்களை எனக்குத் தெரியும். இது உண்மையா என்று வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரே குரல், தம்புரா, மிருதங்கப் பதிவுகளை இரண்டு மென்பொருள்களில் ஏற்றுங்கள். பிளக்இன் (ஒலியை மாற்றவோ உருவாக்கவோ கூடச் சேர்க்கும் துணை நிரல்) எதுவும் வேண்டாம். ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்கள் எல்லாம் ஏற்றாமல் இறக்காமல் பூஜ்யக் குறியில், ஒலியை இடம் வலமாக நகர்த்தும் பேன் நடுவில் இருக்கட்டும். இரண்டிலிருந்தும் வேவ் கோப்பாக எடுத்து, அந்த இரண்டு கோப்புகளையும் பக்கத்துப் பக்கத்து டிராக்கில் வைத்து, ஒன்றின் அலையை மட்டும் தலைகீழாகத் திருப்பி ஒலிக்க விடுங்கள். மேடும் பள்ளமும் ஒன்றையொன்று அழித்துவிடும், எதுவும் கேட்காது; அதாவது இரண்டும் ஒரே ஒலிதான். அப்படியும் ஏதாவது மிச்சம் கேட்டால் பெரும்பாலும் பேன் கணக்குதான் காரணம். நடுவில் இருக்கும் ஒலியை ஒரு மென்பொருள் 3 டெசிபெல் குறைத்துக் கொடுக்கும், இன்னொன்று குறைக்காது. அமைப்புகளில் போய் இரண்டையும் ஒன்றுபோல் ஆக்கினால் அந்த மிச்சமும் மறைந்துவிடும்.

ஒலியின் தரம் மைக்கிலும், அறையிலும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பாடுகிறவரின் தொண்டையிலும் இருக்கிறது. மென்பொருளுக்குச் செலவிட நினைத்த பணத்தில் பாதியை ஒரு நல்ல மைக்குக்கும், சுவரில் தொங்கவிடக் கனமான திரைக்கும் கொடுங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

ஒலி மாறாவிட்டாலும், எந்தக் கணினி என்பதைப் பொறுத்து வாசிப்பவரின் வசதி மாறும். ஹெட்ஃபோனில் தன் வாசிப்பைக் கேட்டபடியே வாசிக்கும் மிருதங்கக் கலைஞரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலி கணினிக்குள் போய்த் திரும்பி வரச் சிறிது நேரம் ஆகும். ஒலியை வினாடிக்கு 44,100 துண்டுகளாக (சாம்பிள்) எடுக்கும் கணக்கில், கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் அளவை (பஃபர்) 512 சாம்பிள் என்று வைத்தால் ஒரு வழிக்கு 11.6 மில்லிவினாடி; போய்வர 23க்கு மேல். ஆதி தாளத்தில் நிமிடத்துக்கு 80 அட்சரம் (தாள எண்ணிக்கை) என்று வைத்துக்கொண்டால் ஓர் அட்சரத்துக்கு 750 மில்லிவினாடி. அதற்குள் மிருதங்கத்தின் எட்டுச் சொற்கள் (தட்டுகள்) விழும்போது ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே 94 மில்லிவினாடிதான் இருக்கிறது. அதில் கால்வாசியைத் தாமதமே தின்றுவிட்டால் கலைஞருக்குக் கை கட்டிப்போட்டது போல இருக்கும். முத்தாய்ப்பான மோராவில் வந்து நிற்கும்போது "என்னவோ இழுக்கிறது" என்று ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிடுவார். பஃபரை 128க்குக் குறைத்தால் ஒரு வழிக்கு 2.9 மில்லிவினாடி. அந்தத் தாமதம் யாருக்கும் தெரியாது.

இந்தக் குறைந்த பஃபரில் படபடவென்ற இரைச்சல் இல்லாமல் ஓடுவதில் மேக் முன்னே நிற்கிறது. கோர் ஆடியோ என்ற அமைப்பு இயங்குதளத்திலேயே இருக்கிறது. மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டியைச் செருகினால் வேலை தொடங்கிவிடும். விண்டோஸில் இன்டர்ஃபேஸ் தயாரித்த நிறுவனம் தரும் ஆசியோ டிரைவர் என்ற இணைப்பு நிரலைப் போட்டுக்கொள்ள வேண்டும். ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் உருவாக்கிய முறை இது. சரியான டிரைவர் போட்ட விண்டோஸ் கணினி மேக்குக்கு இளைத்ததில்லை. தனி இன்டர்ஃபேஸ் இல்லாதவர்கள் ஆசியோ4ஆல் என்ற இலவச டிரைவரைக் கொண்டு சமாளிக்கலாம். லினக்ஸில், தனி டிரைவர் தேவைப்படாத பொதுவான யூஎஸ்பி முறையைப் பின்பற்றும் இன்டர்ஃபேஸாகப் பார்த்து வாங்கினால் செருகியவுடனே அடையாளம் கண்டுகொள்ளும். முன்பு ஜாக் என்ற ஒலிச் சேவையைத் தனியாக இயக்கிப் பழக வேண்டியிருந்தது. இப்போது பைப்வயர் என்ற புதிய சேவை வந்தபின் அந்தச் சிரமம் வெகுவாகக் குறைந்துவிட்டது.

அண்ணன் மகன் நெடுங்காலமாக லாஜிக் புரோவில் வேலை செய்கிறவன். "சித்தப்பா, நீங்களும் ஒரு மேக் வாங்கிவிடுங்கள், பிறகு கவலையே இல்லை" என்பான். அவன் சொல்வதில் நியாயம் உண்டு. 199.99 டாலர் ஒருமுறை கட்டினால் போதும். 2013இல் லாஜிக் புரோ எக்ஸ் வந்தது முதல் அதை வாங்கியவர்களுக்கு அடுத்தடுத்த மேம்பாடுகள் கட்டணமில்லாமலே கிடைத்துவந்திருக்கின்றன. பிறர் தனியாகக் காசு வாங்கும் பல ஒலிக்கருவிகள் கூடவே வருகின்றன. ஒலியைச் செயற்கையாக உருவாக்கும் ஆல்கெமி சிந்தசைசர் ஒன்றே அந்த விலைக்குத் தகும். 2024இல் வந்த 11ஆம் பதிப்பு, கலந்து பதிவான பழைய பாட்டைக் குரல், டிரம்ஸ், பேஸ், பிற என்று பிரித்துத் தருகிறது. ஆப்பிள் சிப் கொண்ட மேக்கில் மட்டும் இது வேலை செய்யும். மேற்கத்திய வாத்தியக் குழுவை மனதில் வைத்துச் செய்த வசதி என்பதால் மிருதங்கத்தையும் கஞ்சிராவையும் அது தனித்தனியே பிரிக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. குரலைத் தனியே எடுக்க உதவும். மேக் வைத்திருப்பவர், தனியாக வேலை செய்பவர், தொடக்கத்தில் ஆப்பிளின் இலவச மென்பொருளான கராஜ்பேண்டில் பழகியவர் என்றால் லாஜிக்கைத் தவிர வேறெதையும் தேட வேண்டியதில்லை. கராஜ்பேண்டில் சேமித்ததை லாஜிக் அப்படியே திறக்கும்.

ஆனால் லாஜிக்கின் வரலாற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அது ஆப்பிளில் பிறந்ததில்லை. ஹாம்பர்க் பக்கத்து இமேஜிக் நிறுவனத்தின் படைப்பு, விண்டோஸிலும் ஓடிக்கொண்டிருந்தது. 2002 ஜூலையில் ஆப்பிள் அந்த நிறுவனத்தை வாங்கியது. அந்த ஆண்டு செப்டம்பர் முடிவில் விண்டோஸ் பதிப்பு நின்றுபோனது. அதில் ஆண்டுக்கணக்கில் இசை செய்து வைத்திருந்தவர்கள் ஒன்று கணினியை மாற்ற வேண்டும், இல்லையென்றால் மென்பொருளை மாற்ற வேண்டும் என்ற நிலைக்கு வந்தார்கள். அன்று முதல் இன்று வரை லாஜிக் என்றால் ஆப்பிள் கருவி மட்டும்தான். என் விண்டோஸ் கணினியில் லாஜிக் கோப்பைத் திறக்க வழியில்லை. திருவையாற்று மடிக்கணினியில் அதை நினைத்தும் பார்க்க முடியாது.

விண்டோஸ் பக்கமும் இப்படி ஒரு கதை உண்டு. கேக்வாக் என்ற பழைய நிறுவனத்தின் சோனார் மென்பொருளைப் பலர் நம்பியிருந்தார்கள். 2017 நவம்பரில் அதை வைத்திருந்த கிப்சன் நிறுவனம் மேம்பாட்டை நிறுத்துவதாக அறிவித்தது. மறு ஆண்டே சிங்கப்பூரின் பேண்ட்லேப் அதை வாங்கி இலவசமாகக் கொடுத்ததால் பயனர்கள் தப்பித்தார்கள். நல்ல மென்பொருள்தான். ஆனால் நாம் பதிந்து வைக்கும் ஓதுவாரின் குரல், அந்த நிறுவனத்தையும் இந்த நிறுவனத்தையும் தாண்டி வாழ வேண்டியது. வாங்கும்போதே இதை யோசிக்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.

எங்கள் ஊரில் குறும்படத்துக்கும் பக்திப் பாடலுக்கும் இசை அமைக்கும் இளைஞர்களிடம் கேட்டால் பெரும்பாலும் எஃப்எல் ஸ்டூடியோ என்றுதான் பதில் வரும். பெல்ஜியத்தின் இமேஜ்-லைன் நிறுவனத்தினுடையது. 1997இல் ஃப்ரூட்டிலூப்ஸ் என்ற பெயரில் தொடங்கியது. ஒருமுறை வாங்கினால் வாழ்நாள் முழுவதும் புதுப் பதிப்புகள் இலவசம் என்ற வாக்கை இன்றுவரை காப்பாற்றிவருகிறார்கள். இந்தத் தொழிலில் இது அரிது. 2018இல் வந்த 20ஆம் பதிப்பிலிருந்து மேக்கிலும் ஓடுகிறது. ஒரே உரிமம் இரண்டுக்கும் செல்லும். கீபோர்டு வாசிப்பை ஒவ்வொரு ஸ்வரமாகச் செதுக்குவதற்கு ஸ்வரங்களைக் கட்டங்களாகக் காட்டும் அதன் பியானோ ரோல் திரையைப் போல் வசதியானது வேறில்லை என்பது என் கருத்து. வாங்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். விலை குறைந்த ஃப்ரூட்டி பதிப்பில் நெடுங்காலம் குரலைப் பதிந்து டிராக்கில் வைக்க முடியாமல் இருந்தது. குரல் பதிபவர்களுக்குப் புரொடியூசர் பதிப்பே ஏற்றது. சோதனைப் பதிப்பில் வேலையைச் சேமிக்கலாம், ஆனால் பணம் கட்டும்வரை சேமித்ததை மறுபடி திறக்க முடியாது. லினக்ஸுக்கு அதில் இடமில்லை.

எங்கள் வேலைக்கு எஃப்எல் பொருந்தாததற்கு வேறு காரணமும் உண்டு. அது பேட்டர்ன்கள் என்ற சிறு இசைத் துண்டுகளைத் திரும்பத் திரும்ப அடுக்கி இசையைக் கட்டும் மென்பொருள். நாங்கள் பதிவது, ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பன்னிரண்டு நிமிடம் பாடும் ஆலாபனை. அதைப் பேட்டர்னுக்குள் அடக்க முடியாது.

ஏபிள்டன் லைவ் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேடையிலேயே லூப்களை (சுழன்று சுழன்று ஒலிக்கும் துண்டுகளை) அடுக்கி வாசிப்பவர்களுக்கு பெர்லினில் உருவான இந்த மென்பொருள்தான் முதல் தேர்வு. 2024இல் வந்த 12ஆம் பதிப்பில் பியானோவின் பன்னிரண்டு சமப் பகுதிகளைத் தாண்டிய சுருதி அமைப்புகளுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். நம் இசைக்கு இது நல்ல செய்தி. ஆனால் அத்தனை ஒலிக்கருவிகளும் அடங்கிய சூட் பதிப்பு 700 டாலரைத் தாண்டும். ஸ்டைன்பெர்க்கின் க்யூபேஸ் மென்பொருளும் தரத்தில் யாருக்கும் குறைந்ததில்லை. 2022இல் வந்த 12ஆம் பதிப்பில்தான் உரிமத்தைக் காட்ட யூஎஸ்பி சாவி செருகும் கட்டாயம் போனது. இரண்டும் விண்டோஸ், மேக் இரண்டிலும் ஓடும். லினக்ஸில் ஓடாது. பிட்விக் என்ற மென்பொருள் மூன்றிலும் ஓடும். சிந்தசைசர் இசை செய்பவர்கள் அதை அவசியம் பார்க்க வேண்டும். குரலும் வீணையும் பதியும் எங்களுக்கு அதன் பலம் பயன்படவில்லை.

பெரும்பாலான மென்பொருள்கள் சுருதி திருத்தும் கருவி ஒன்றைக் கையில் கொடுக்கின்றன. லாஜிக்கில் ஃபிளெக்ஸ் பிட்ச், க்யூபேஸில் வேரிஆடியோ. கமகம் உள்ள இசையில் இவற்றைத் தானியங்கியாக ஓட விடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கும் ஸ்வரமா? ரிஷபத்தைத் தொட்டு மத்யமம் வரை போய் ஆடிவிட்டு வருகிற ஸ்வரம் அது. அந்த அசைவைக் கருவி பிழை என்று எடுத்துக்கொண்டு நேராக்கிவிடும். நேராக்கியபின் அங்கே தோடி இருக்காது. அரங்கேற்றப் பதிவுகளில் இப்படித் தட்டையாக்கப்பட்ட குரலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. பாடகி மறுபடி ஒருமுறை பாடினால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துபோகும் வேலைக்கு அந்தக் கருவி எதற்கு?

இனி லினக்ஸ். 2011இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் வந்த மடிக்கணினிகள் நம் ஊர்களில் இன்னும் ஆயிரக்கணக்கான வீடுகளில் கிடக்கின்றன. புதிய விண்டோஸை அவை தாங்காது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போட்டால் அதே மடிக்கணினி இரண்டு டிராக் பதிவுக்குத் தாராளமாகப் போதும். வீணை ஆசிரியைக்குத் தேவையும் அவ்வளவுதான்: ஒரு பக்கம் நான் அனுப்பும் தம்புராவும் குரலும் ஒலிக்க வேண்டும், இன்னொரு பக்கம் அவர் வாசிப்பு பதிய வேண்டும்.

அவருக்காக முதலில் பார்த்தது எல்எம்எம்எஸ். இலவசம், எளிது, லூப் இசைக்கு நல்லது. ஆனால் அதன் நிலையான பதிப்பில் மைக்கிலிருந்து நேராகப் பதிய முடியாது. வீணைக்கு அதோடு கதவு மூடிவிட்டது. அடுத்தது ஆர்டோர். பால் டேவிஸ் தொடங்கி வளர்த்த கட்டற்ற மென்பொருள். மூலநிரல் யாருக்கும் திறந்தே இருக்கிறது. தயாராகத் தொகுத்த பதிப்பை நம்மால் முடிந்த தொகை கட்டி எடுத்துக்கொள்ளலாம். மூன்று இயங்குதளத்திலும் ஓடும். பல மைக் வைத்துக் கச்சேரியை முழுதாகப் பதிவதற்கு ஆர்டோரை நான் தயங்காமல் சொல்வேன். ரீப்பர் என்ற ஒன்று இல்லையென்றால் இன்று எங்கள் மூவரிடமும் ஆர்டோர்தான் இருந்திருக்கும். சிறிய திரை, குறைந்த நினைவகம் கொண்ட பழைய மடிக்கணினியில் ரீப்பர் இன்னும் இலகுவாக ஓடியது. தேர்வை முடிவு செய்தது அதுதான்.

ரீப்பரை எழுதியவர் ஜஸ்டின் ஃபிராங்கெல். ஒரு காலத்தில் எல்லாக் கணினிகளிலும் பாட்டுக் கேட்கப் பயன்பட்ட வின்ஆம்ப்பைச் செய்தவரும் அவரே. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் பதிப்பு உண்டு. பதிவிறக்கம் சில பத்து எம்பிக்குள் அடங்கிவிடும். கிராமத்து இணையத்திலும் காத்திருக்க வேண்டாம். 60 நாள் முழு வசதியோடு சோதித்துப் பார்க்கலாம். சொந்தப் பயனுக்கு வாங்கும் தனிநபருக்கும், ஆண்டுக்கு 20,000 டாலருக்குக் குறைவாக ஈட்டும் தொழிலுக்கும் 60 டாலர். அதற்கு மேல் ஈட்டும் நிறுவனத்துக்கு 225 டாலர். இரண்டும் ஒரே மென்பொருள்தான், விலை குறைந்ததில் எதையும் வெட்டிவைக்கவில்லை. ஒருவர் தன் உரிமத்தைத் தன்னுடைய பல கணினிகளில் போட்டுக்கொள்ளலாம். ஒரு நேரத்தில் ஒன்றில் மட்டும் இயக்க வேண்டும். 60 நாள் முடிந்தபின்னும் அது பூட்டிக்கொள்வதில்லை, நினைவூட்டும் பலகை மட்டும் வரும். அந்த நம்பிக்கைக்கு மதிப்புக் கொடுத்துப் பணத்தைக் கட்டிவிட வேண்டும் என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். எங்கள் மூவரிடமும் தனித்தனி உரிமம் இருக்கிறது.

எங்கள் இசைக்கு ரீப்பர் எப்படி வளைந்து கொடுக்கிறது என்று பாருங்கள். விருத்தமோ ஆலாபனையோ பதியும்போது திரையின் மேல் ஓடும் அளவுகோலை நிமிடம், வினாடிக்கு மாற்றிவிடுவேன். டிராக்கைத் தாளத்தோடு கட்டாமல் நேரத்தோடு கட்டிவைத்தால், பிறகு பாட்டுப் பகுதிக்கு வேகம் குறித்தாலும் ஆலாபனை இம்மியும் நகராது. தாளம் தொடங்கும் இடத்தில் ஒரு குறியீடு வைத்து அங்கிருந்து தாளம் தட்டும் மெட்ரனோமை ஓட விடலாம். அதன் தட்டல் முறையை ஆங்கில எழுத்தில் கொடுக்கலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்த வசதி. ஏ என்றால் அழுத்தமான தட்டு, பி என்றால் சாதாரணத் தட்டு. மிஸ்ர சாபுக்கு ஏழு எண்ணிக்கை வைத்து "ஏபிபி ஏபிபிபி" என்று இடைவெளி இல்லாமல் எழுதினால் தகிட தகதிமி என்று மூன்றும் நான்குமாக விழும். கண்ட சாபுக்கு "ஏபி ஏபிபி". நட்டுவாங்கம் செய்பவர் அதைக் கேட்டதும் தலையாட்டிவிட்டுத் தாளத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். நான்கு நான்காக அடிக்கும் கிளிக்கில் பாடச் சொன்னால் அந்த முகம் வந்திருக்காது.

தேவாரத்துக்கு வேறொரு வகையில் உதவுகிறது. ஒரு பதிகத்தில் பத்துப் பதினொரு பாடல்கள் இருக்கும். ஓதுவார் ஒரே மூச்சில் பாடுவார். நடுவில் நிறுத்தினால் பண்ணின் ஓட்டம் போய்விடும். ஆகவே முழுதாகவே பதிந்துவிட்டு, பிறகு ஒவ்வொரு பாடலின் மேலும் ஒரு பகுதிக்கோடு இழுத்துத் தமிழிலேயே பெயர் எழுதிவைப்பேன். ஏற்றுமதி செய்யும்போது பகுதிப் பெயரையே கோப்புப் பெயராக எடுத்துக்கொள்ளச் சொன்னால் பதினொரு பாடலும் தனித்தனிக் கோப்பாக வந்து விழும். ஏதாவது ஒரு பாடலில் இருமல் வந்திருந்தால் அதை மட்டும் மீண்டும் பாடச் சொல்லிப் புதிய பதிவை அதே டிராக்கின் இன்னொரு வரிசையில் வைத்துக்கொள்ளலாம். 7ஆம் பதிப்பில், பல முறை பாடியதிலிருந்து நல்ல அடிகளை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுப்பது மிக எளிதாகிவிட்டது.

எல்லாவற்றையும்விட நான் பெரிதாக மதிப்பது அதன் திட்டக் கோப்பைத்தான். ரீப்பர் சேமிக்கும் கோப்பு வெறும் எழுத்து. நோட்பேடில் திறந்து படிக்கலாம். எந்த டிராக்குக்கு என்ன பெயர், ஃபேடர் எங்கே இருக்கிறது, எந்த வேவ் கோப்பு எத்தனையாவது வினாடியில் தொடங்குகிறது என்று வரி வரியாக இருக்கும். நாளை ரீப்பரே இல்லாமல் போனாலும் அந்த எழுத்தைப் படித்து, வேவ் கோப்புகளை உரிய இடத்தில் அடுக்கி வேலையை மீட்டுவிட முடியும்.

மூன்று இயங்குதளங்களுக்கு நடுவே கோப்பு போய்வரும்போது இந்த எழுத்துக் கோப்பின் அருமை புரியும். தமிழில் பெயர் வைப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். "தோடி" என்ற பெயரில் ஒரு வேவ் கோப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் உள்ள ஓகாரக் குறியைக் கணினி ஒரே குறியாகவும் சேமிக்கலாம்; ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகப் பிரித்தும் சேமிக்கலாம். மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க் முறை பிரித்துத்தான் சேமிக்கும். அங்கிருந்து ஜிப் செய்து அனுப்பிய கோப்பு லினக்ஸுக்கோ விண்டோஸுக்கோ வரும்போது, கண்ணுக்கு "தோடி" என்றே தெரிந்தாலும் கணினிக்கு அது வேறு பெயர். திட்டக் கோப்பு தேடும் தோடி ஒன்று, டிஸ்கில் இருக்கும் தோடி வேறொன்று. "கோப்பு இல்லை" என்று செய்தி வரும். காம்போதி, மோகனம், கௌளை எல்லாவற்றுக்கும் இதே சிக்கல். கல்யாணிக்கும் பைரவிக்கும் இல்லை, ஏனென்றால் அவற்றில் ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் இல்லை. டிஸ்கில் இருக்கும் பெயரை நகலெடுத்துத் திட்டக் கோப்பின் எழுத்தில் ஒட்டினால் பிரச்சினை தீர்ந்தது. எங்கள் மூவருக்குள் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: வேவ் கோப்பின் பெயர் ஆங்கிலச் சிறிய எழுத்தும் எண்ணும்தான், ராகத்தின் பெயரைத் தமிழில் டிராக்கின் மேல் எழுதுவோம். லினக்ஸ் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வெவ்வேறாகக் கருதும் என்பதால் சிறிய எழுத்து என்ற விதி அதற்கும் சேர்த்து உதவுகிறது.

பிளக்இன்தான் அடுத்த முட்டுக்கட்டை. லாஜிக், ஏயூ என்ற பிளக்இன் வகையை மட்டும் ஏற்கும். விஎஸ்டி என்ற வகை பரவலானது என்றாலும் விண்டோஸுக்கான விஎஸ்டி வேறு, மேக்குக்கானது வேறு. பதிந்து வைத்த வாத்திய ஒலிகளின் பெரிய தொகுப்புகள் ஓடும் கான்டாக்ட் என்ற பிளக்இன் லினக்ஸில் கிடையாது. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்ட ஒயின், யாபிரிட்ஜ் என்று மாற்று வழிகள் உண்டு. பழைய மடிக்கணினியில் அவற்றை முயல வேண்டாம். மேக்கிலேயே 2019இல் கேட்டலினா என்ற இயங்குதளப் பதிப்பு வந்தபோது 32 பிட் பிளக்இன்கள் அனைத்தும் செயலிழந்தன. ஆகவே கைமாறும் திட்டத்தில் மூன்றிலும் கிடைப்பதை மட்டும் பயன்படுத்துகிறோம்: ரீப்பரோடு வரும் ரீஇக்யூவும் (கனம், கூர்மையைச் சீராக்குவது) ரீகாம்ப்பும் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்துவது), எதிரொலிக்கு டிராகன்ஃபிளை ரிவெர்ப், சுருதிக் கோப்பை ஏற்றுக்கொள்ளும் சர்ஜ் எக்ஸ்டி சிந்தசைசர். கடைசி இரண்டும் இலவசம். டிராகன்ஃபிளையின் ஹால் அமைப்பில் ஒலி மங்கும் நேரத்தைச் சற்றே நீட்டினால் பிராகாரத்தில் பாடும் உணர்வு வருகிறது. அண்ணன் மகன் இறுதி மிக்ஸிங்கில் தன் மேக் பிளக்இன்களைப் போட்டுக்கொள்வான். அப்போது அந்த டிராக்கை ஒலியாக மாற்றி ஒரு வேவ் பிரதியும் வைத்துவிடுவான்.

ரீப்பரின் குறைகள் சிறியவை அல்ல. முதன்முதலில் திறப்பவரை வெற்றுச் சாம்பல் திரை வரவேற்கும். வலது பக்கச் சொடுக்கில் திறக்கும் பட்டியல் திரையின் உயரத்துக்கு நீளும். ஒலிக்கருவிகள் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. லாஜிக்கில் முதல் நாளே பியானோவும் வயலின் குழுவும் கிடைத்துவிடும். இங்கே எல்லாவற்றையும் நாமே தேடிச் சேர்க்க வேண்டும். மிடி எனப்படும் கீபோர்டு வாசிப்பைத் திருத்தும் பகுதி எஃப்எல்லின் பக்கத்தில் நிற்க முடியாது. ஆசிரியைக்குப் பழக்கும்போது தேவையற்ற பொத்தான்கள் எல்லாவற்றையும் மறைத்து, பதிவு, ஒலி, நிறுத்தம், சேமிப்பு மட்டும் தெரியும்படி ஒரு திரை அமைத்துக் கொடுத்தேன். அப்படி அமைத்துக்கொள்ள முடிகிறது என்பது அதன் பலம். அமைத்துக் கொடுக்க ஒருவர் வேண்டும் என்பது அதன் பலவீனம்.

ஆகவே மேக்கில் தனியாக இசை அமைப்பவர் லாஜிக்கை வாங்கட்டும். கீபோர்டும் லூப்பும் கொண்டு பாட்டுக் கட்டுபவர் எஃப்எல்லின் புரொடியூசர் பதிப்பை எடுத்தால் வாழ்நாள் முழுக்க அதுவே போதும். மேடையில் லூப் வாசிப்பவருக்கு ஏபிள்டன். குரலும் வாத்தியமும் பதிந்து, வெவ்வேறு கணினி வைத்திருக்கும் ஆட்களோடு கைமாற்றி வேலை செய்பவர் ரீப்பரைச் சோதித்துப் பார்க்கட்டும். மூலநிரல் திறந்திருக்க வேண்டும் என்ற கொள்கை உள்ளவர் ஆர்டோரை. அரசு மடிக்கணினியில் ரீப்பர் போட நினைக்கும் மாணவர்கள் முதலில் தங்கள் லினக்ஸ் 32 பிட்டா 64 பிட்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் தனித்தனிப் பதிப்பு இருக்கிறது; மாற்றி இறக்கினால் திறக்காது.